முட்டைக்குள் இருந்த படிகம்

9.2.1981, திங்கள்

எங்கள் கோழிமுட்டை வெள்ளைக்கருவிலிருந்து மூன்று வாரமாக வளர்த்த நொதிப் படிகங்கள் இரண்டு. இன்று ஒன்றை நானே கெடுத்தேன். கல்லூரியில் மயில்துத்தப் படிகத்தை ஈரம் போக ஒற்றும் பழக்கத்தில் இதையும் வடிதாளில் ஒற்றிவிட்டேன். கண்ணெதிரே வெளிறி வெடித்தது. பாதி தண்ணீரால் ஆன கல் அது.

தீவனம் கலக்கிக்கொண்டிருந்த என் மனைவி சரசுவிடம் புலம்பினேன். கிருமியின் தோலை அறுக்கும் புரதம் இது, எக்ஸ்ரேயில் பார்த்தால் அந்தப் புரதத்தில் தோலை அறுக்கிற பள்ளம்கூடத் தெரியும் என்றேன்.

"அதனாலதானுங்களா அவயத்துக்கு வெச்சு கோழி அடைகாக்குற முட்டை இருவத்தொரு நாளும் அழுகாம கெடக்குது?"

படித்த எனக்கு இது தோன்றவே இல்லை.

மற்றதை நாளை பெங்களூருக்குப் படமெடுக்கக் கொண்டுபோகிறேன். அது வளர்ந்த உப்புநீரோடேயே இருக்கும் குப்பியைச் சரசு உமிக்கூடையில், முட்டைகளுக்கு நடுவே புதைத்து வைத்திருக்கிறாள்.