கணவர் பெயரைச் சொல்லாத சுகிலியா தேவியின் விடுதலை குறித்து

அனுப்புநர்:
மஞ்சுலா கர்ண்,
க/பெ. ஹரிநந்தன் கர்ண்,
ஓய்வுபெற்ற ஆசிரியை,
பேல்காட், பீகார்.

பெறுநர்:
மாவட்ட ஆட்சியர் அவர்கள்,
பேல்காட்.

பொருள்: மகளிர் காப்பகத்தில் அடைபட்டிருக்கும் சுகிலியா தேவியைக் கணவருடன் அனுப்பக் கோருதல்.

மதிப்பிற்குரிய ஐயா,

"புருஷன் பேருகூடத் தெரியாதவள எப்படி டீச்சரம்மா வெளிய விடுறது?" காப்பகத்தில் தையல் சொல்லித்தரப் போகும் என்னிடம் கண்காணிப்பாளர் கேட்டார். டில்லியில் வளர்ந்தவர், கெட்டவர் அல்லர். அவருக்குச் சொன்ன பதிலையே தங்களுக்கும் எழுதுகிறேன்.

1. சுகிலியா, பஞ்சாபில் அறுவடை வேலை செய்யும் கணவருடன் முதன்முறை ரயிலேறக் கிளம்பியவள். தண்ணீர் பிடிக்க இறங்கிய இடத்தில் கூட்டம் பிரித்துவிட்டது. ரயில்வே காவலர்கள் காப்பகத்தில் சேர்த்தார்கள். வீட்டுக் காகிதங்கள் முன்பே கோசி ஆற்று வெள்ளத்தில் போய்விட்டன.

2. கணவர் பெயர் கேட்டால், "ரஜனியாவோட அப்பா" என்பாள். "பேரச் சொன்னா வாய் வெந்துடுமாடி?" என்று காவல்காரம்மா கேலி செய்தார். "எனக்கு வெந்தா பரவால்ல அக்கா, அவுங்க ஆயுசுல்ல கொறையும்" என்றாள். எங்கள் பக்கத்து வழக்கம் இது. தாங்கள் வெளியிலிருந்து வந்தவர் என்பதால் ஓர் உதாரணம்: மேலே என் கணவர் பெயரை எழுதியிருக்கிறேன், இன்றுவரை வாயால் சொன்னதில்லை. எனக்கு எழுதத் தெரியும். அவளுக்கு அந்த வழியும் இல்லை.

3. தேடியலைந்து கணவர் தீனாநாத் சஹனி வந்து சேர்ந்தார். அதிகாரிகள் சூழ நின்றதால் இவள் முக்காட்டை இழுத்துவிட்டுத் திரும்பி நின்றாள். மரியாதை அது. "அடையாளம் காட்டவில்லை" என்று குறித்துக்கொண்டார்கள். அவர் தினமும் வாசலில் உட்கார்ந்திருக்கிறார். "உள்ள இருக்கிறவ என் பொண்டாட்டிதான்னு நானே சொல்றேன், அது போதாதா?" என்கிறார். போதாதாம், அவள் வாயால் வரவேண்டுமாம்.

4. புத்தி சரியில்லை என்று சொல்லித் திங்கட்கிழமை அவளை மனநல மருத்துவமனைக்கு அனுப்பப்போகிறார்கள். அங்கே போனால் அவளை யார் மீட்பது? ஊரில் விட்டுவந்த மகள் ரஜனியாவுக்கு ஆறு வயது.

சூரியனை வணங்கும் சட் பூஜை நெருங்குவதால் காப்பகப் பெண்கள் மாலையில் பாடிப் பழகுகிறார்கள். சுகிலியாவும் பாடுகிறாள். பாட்டில் சூரியனைத் தீனாநாத் என்று கூப்பிடும் இடம் வரும்போதெல்லாம் அவள் ஒருத்தி நிறுத்திக்கொள்கிறாள். அடுத்த சொல்லில் மறுபடி சேர்ந்துகொள்கிறாள். அவள் கணவர் வாசலில் வந்து தம் பெயரைச் சொல்வதற்கு முன்பிருந்தே நான் இதைப் பார்த்து வருகிறேன்.

ஆகவே அவளை மருத்துவமனைக்கு அனுப்பும் உத்தரவை நிறுத்திவைக்கும்படி பணிந்து வேண்டுகிறேன். திங்களுக்கு முன் ஒரு மாலை காப்பக முற்றத்துக்கு வாருங்கள். பாடச் சொல்லிவிட்டு, அவள் உதடுகளை மட்டும் பாருங்கள்.

இடம்: பேல்காட்
நாள்: 17.10.2003

தங்கள் பணிவுள்ள,
மஞ்சுலா கர்ண்