டேபிளில் நான், கோர்ட்டில் சித்ரா

ஆகஸ்ட் 5, செவ்வாய்

காலையிலிருந்து காற்று. ஆடிக் காற்றுதான் என்றாலும் இந்த வருடம் கொஞ்சம் அதிகம். பள்ளி மைதானத்தில் கூடைப்பந்துப் பலகை ஆடுகிறது. நட்டை முடுக்கச் சொல்லி வாட்ச்மேனிடம் நேற்றே சொன்னேன். கேட்டபாடில்லை. நாளை நானே ஸ்பேனர் எடுத்துப் போக வேண்டும்.

மாலை ரத்தினம் சார் போன். போட்டிப் பொறுப்பு முழுக்க அவரிடம். இந்தப் பக்கத்து பி.டி. வாத்தியார்களுக்கெல்லாம் மூத்தவர். சனிக்கிழமை பெண்கள் ஃபைனல்.

"தம்பி, மெயின் ரெஃப்ரி நம்ம சித்ரா. வீட்ல சொல்லிருங்க. நீங்க டேபிள்ல ஷாட் கிளாக்கப் பாத்துக்கங்க. புது மெஷினு, நம்பிக்கையான ஆளு வேணும்ல" என்றார்.

நம்பிக்கையான ஆள். அதாவது விசிலுக்கு லாயக்கில்லாத ஆள். அவளுக்குக் கிடைத்த பொறுப்பை எனக்குப் போன் போட்டுச் சொல்கிறார். அவளிடம் போன் இல்லையா?

சித்ரா என் மனைவி. சின்னமனூரில் ஒரு தனியார் பள்ளியில் பி.டி. டீச்சர். நான் கம்பத்தில். மதுரையில் ஒரே நாளில் இருவரும் மாநில ரெஃப்ரி தேர்வுக்குப் போனோம். அவள் பாஸ். நான் எழுத்துத் தேர்வில் போய்விட்டேன். ஓட்டத்தில் அவளைவிட முன்னால் வந்தது நான். அதை யாரும் பேசுவதில்லை.

கல்யாணத்துக்கு முன் அவள் கோகோ ஆடியவள். கூடைப்பந்தைத் தொட்டதுகூடக் கிடையாது. டிரிபிள் என்றால் என்ன, டிராவலிங் என்றால் என்ன, எல்லாம் இந்த வீட்டு மொட்டை மாடியில் நான் சொல்லிக்கொடுத்தது. ஜில்லா டீமுக்கு ஆடியவனும் நான்தான்.

விஷயத்தைச் சொன்னதும் "ஐயய்யோ, நானா?" என்றாள். அதில் பயம் கால்வாசி, சந்தோஷம் முக்கால்வாசி. எனக்குத் தெரியாதா. இரவு தோசை, தக்காளிச் சட்னி.

ஆகஸ்ட் 7, வியாழன்

சாரல். துணி காயவில்லை. ஃபேனுக்கு நேர் கீழே கொடியில் அவளுடைய சாம்பல் நிற ரெஃப்ரி சட்டை. என் சட்டைகள் மூலையில், ஈரத்தோடு.

வாங்க: முட்டை, பூண்டு, பெட்ரோல், மெஷினுக்கு எக்ஸ்டென்ஷன் வயர்.

ஷாட் கிளாக் மெஷினை ஓட்டிப் பார்த்தேன். சிவப்பு எண் காட்டும் பெட்டிகள் இரண்டு, கூடைக்குப் பின்னால், பக்கத்துக்கு ஒன்றாக ஸ்டூலில். என் கையில் ரிமோட். பச்சைப் பொத்தான் 24, மஞ்சள் 14. நேரம் தீர்ந்தால் பெட்டி அலறும், தெருவே திரும்பிப் பார்க்கும்.

இதுவரை இந்தப் பக்கம் மெஷின் கிடையாது. ஒருவர் ஸ்டாப் வாட்சோடு உட்கார்ந்து, பத்து நொடி பாக்கி இருக்கும்போது "பத்தேய்ய்" என்று கத்துவார். அவர் எப்போது அமுக்கினார், எப்போது விட்டார் என்று ஒவ்வொரு மேட்சிலும் சண்டை. முன்னால் இருக்கிற டீம் பந்தை வைத்துக்கொண்டு மாவாட்டுகிற மாதிரி சுற்றிச் சுற்றி வரும். பார்க்க வந்தவர்கள் எழுந்து போய்விடுவார்கள். அதனால்தான் பழைய மாணவர்கள் சேர்ந்து வாங்கிக் கொடுத்தார்கள்.

மறக்காமல் இருக்க எழுதி வைக்கிறேன். பந்து கைக்கு வந்தால் 24 நொடிக்குள் எறிய வேண்டும், வளையத்தில் பட வேண்டும். பட்டுத் திரும்பிய பந்தை எறிந்த அணியே பிடித்தால் 14. எதிரணி பிடித்தால் 24. வளையத்தில் படாமல் எறிந்த அணியிடமே வந்தால் ஓடுகிற நேரம் ஓடட்டும், பொத்தானில் கை வைக்கக் கூடாது.

தேர்வில் அந்தப் பதினாலை இருபத்துநாலு என்று எழுதிவிட்டு வந்தேன். நான் ஆடிய காலத்தில் இருபத்துநாலுதான். ரூலை மாற்றிவிட்டு எனக்குச் சொல்லாமல் இருந்தால்? (அவளுக்கு யார் சொன்னார்களாம். அவளே படித்தாளாம்.)

மாலை பீரோக் கண்ணாடி முன் நின்று கைச்சைகை பழகினாள். விரலைச் சுழற்றினால் ரீசெட், நேரத்தைப் புதிதாகத் தொடங்க.

"சரியா இருக்கா, பாருங்க."

"கை இன்னும் கொஞ்சம் மேல" என்றேன். சரியாகத்தான் இருந்தது. பாவம், இன்னும் மேலே தூக்கித் தூக்கிப் பழகினாள்.

ஆகஸ்ட் 8, வெள்ளி

வெயில். செமி ஃபைனல் இரண்டும் முடிந்தன. ஒன்றில் சித்ரா விசில். இரண்டிலும் நான் டேபிள். கழுத்து பிடித்துக்கொண்டது.

சித்ரா செய்த தப்புகள், என் கணக்கில்:
1. பந்தைத் தட்டாமல் ஓடிய ஒரு டிராவலிங்கை விட்டுவிட்டாள்.
2. ஃபவுலுக்கு ஊதிவிட்டு, எந்த நம்பர் பிள்ளை என்று யோசித்தாள்.
3. ஓடும்போது கொண்டைக் கிளிப் விழுந்தது. இது தப்பில் சேருமா தெரியவில்லை. சேர்த்துக்கொண்டேன்.

கோர்ட்டில் என்னை "டைமர் சார்" என்று கூப்பிடுகிறாள். "டைமர் சார், ரெடியா?" காலையில் என் டிபன் பாக்ஸைக் கட்டிக் கொடுத்தவள். ரூல்படி அப்படித்தான் கூப்பிட வேண்டும், வேறு எப்படிக் கூப்பிடுவாள். இருந்தாலும்.

இடைவேளையில் டீக்கடை. எனக்கு முதுகைக் காட்டி இரண்டு பேர்:

"அந்தம்மா ஊதுனா பிள்ளைக மூச்சுக் காட்ட மாட்டேங்குதுகய்யா."

"வீட்டுக்காரரு யாரு?"

"அந்தா, டேபிள்ல ஒக்காந்து பொத்தான் அமுக்குறாருல்ல, அவருதான்."

டீயில் பாதியை ஊற்றிவிட்டு வந்தேன்.

யாரும் பார்க்கப் போவதில்லை என்பதால் எழுதுகிறேன். நாளைக்கு அவள் ஒரு தப்புச் செய்ய வேண்டும். பெரிய தப்பு, எல்லாரும் பார்க்கிற மாதிரி. ஒன்று போதும். அப்புறம் நான் ஆறுதல் சொல்வேன், நன்றாகவே சொல்வேன்.

கேஸ் சிலிண்டர் புக் பண்ண வேண்டும்.

ஆகஸ்ட் 9, சனி

ஆடிச் சனி. குச்சனூர் கோயிலுக்குப் போகிற பஸ்களில் தொங்கிக்கொண்டு போகிறார்கள். அந்த நெரிசலில் கெங்குவார்பட்டிப் பிள்ளைகள் வந்த வேனும் மாட்டிக்கொண்டது. அதனால் ஃபைனல் மதியத்துக்கு மேல்தான். எதிரில் காமயகவுண்டன்பட்டி. வெயில், காற்று இரண்டும்.

நல்ல கூட்டம். சித்ரா சட்டையை இஸ்திரி போட்டு, கொண்டைக்கு இரண்டு கிளிப் குத்தி வந்திருந்தாள். முக்கால் மேட்ச் வரை ஒரு தப்பு இல்லை. நான் கண்ணைக் கொட்டாமல் பார்த்தேன், ஒன்றும் அகப்படவில்லை.

கடைசி நிமிடம். கெங்குவார்பட்டி ஒரு பாயிண்ட் முன்னால். பந்து காமயகவுண்டன்பட்டியிடம். "ஏ ஆத்தா, போடு, போடு" என்று கூட்டம் கத்துகிறது. அவர்களுடைய நெட்டைப் பெண் எறிந்தாள். வளையத்தில் பட்டுத் திரும்பியது. அவர்களே பிடித்தார்கள். நான் மஞ்சளை அமுக்கியிருக்க வேண்டும்.

அமுக்கவில்லை. நான் பந்தைப் பார்க்கவே இல்லை, சித்ராவைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கூடைக்கடியில் தள்ளுமுள்ளு. இதோ ஒரு ஃபவுலை விடப் போகிறாள், இதோ விடுகிறாள் என்று அவள் வாய் விசிலிலேயே என் கண்.

பெட்டி அலறியது. பந்தோடு கூடைக்கடியில் தனியாக நின்ற சின்னப் பெண், எறியப் போனவள், சத்தம் கேட்டு அப்படியே நின்றுவிட்டாள்.

"ஏலே, என்னலே ஆச்சு?"

"டயம் முடிஞ்சுபோச்சு, பந்த எங்க பிள்ளைக கையில குடுங்க!" இது கெங்குவார்பட்டிக்காரர்கள்.

சித்ரா ஊதி நிறுத்திவிட்டு நேரே டேபிளுக்கு வந்தாள். வேர்த்துக் கொட்டுகிறது அவளுக்கு. "டைமர் சார், பந்து ரிங்குல பட்டுச்சா?"

"படல" என்றேன்.

பார்க்காதவன் சொன்ன பதில். பட்டது என்றால் தப்பு என்னுடையது. படவில்லை என்றால் பந்து கெங்குவார்பட்டிக்கு, மேட்ச் அதோடு முடிந்தது, நான் தப்பித்தேன். இவ்வளவையும் யோசித்தா சொன்னேன்? வாய் முந்திக்கொண்டது.

என்னை ஒரு பார்வை பார்த்தாள். "பட்டுச்சு சார். நான் பாத்தேன்."

கெங்குவார்பட்டிக் கோச் ஓடி வந்து கத்தினார். அவரிடம் குரலை உயர்த்தாமல் சொன்னாள்: "பெட்டி தப்பா அடிச்சிருச்சு சார். அதக் கேட்டுப் பந்து வச்சிருந்த பிள்ள நின்னுருச்சு. நட்டம் அவுகளுக்குத்தான். நேரத்தத் திருத்திப் பந்த அவுகளுக்கே குடுக்கணும். ரூல் அப்பிடித்தான் இருக்கு."

பெட்டி தப்பாக அடித்ததாம். என் பெயரை எடுக்கவில்லை. அதுதான் தாங்க முடியவில்லை. திட்டியிருக்கலாம்.

நேரத்தைத் திருத்தினேன். காமயகவுண்டன்பட்டி மறுபடி எறிந்தது, பந்து வளையத்தைச் சுற்றிவிட்டு வெளியே விழுந்தது. கெங்குவார்பட்டி ஜெயித்தது. எப்படியும் அவர்கள்தான் ஜெயித்தார்கள், நான் பொய் சொன்னது வீண்.

கத்திய கோச் வந்து அவளுக்குக் கும்பிடு போட்டார். தோற்ற பிள்ளைகள் அழுத முகத்தோடு போய் அவளோடு செல்ஃபி எடுத்தார்கள். நான் வயரைச் சுருட்டினேன். ரத்தினம் சார் தோளில் தட்டி, "என்ன தம்பி, வீட்லயே ஒங்க சாட்சி செல்லல போல" என்று சிரித்தார். நானும் சிரித்து வைத்தேன்.

பைக்கில் வயர்ச் சுருளை அவள் மடியில் வைத்துக்கொண்டு வந்தாள்.

ஆகஸ்ட் 10, ஞாயிறு

காற்று இல்லை. ஆட்டுக்கறி அரைக் கிலோ. இஞ்சி மறந்து மறுபடி கடைக்கு.

திட்டு வரும் என்று காலையிலிருந்து காத்திருந்தேன். வரவில்லை. பூண்டு உரிக்கச் சொன்னாள். உரித்தேன். வெங்காயத்தை வதக்கிக்கொண்டே ஆரம்பித்தாள்.

"பந்து பட்டத நீங்க பாக்கவே இல்லல்ல?"

"இல்ல."

"தெரியும். ஸ்கோர் எழுதுன டீச்சர் சொன்னாக. மேட்ச் பூரா ஒங்க கண்ணு என் மேலயே இருந்துச்சாம். 'ஏம்மா, ஒன் வீட்டுக்காரரு மேட்சப் பாக்க வந்தாரா, ஒன்னையப் பாக்க வந்தாரா'ன்னு ஒரே கேலி."

நான் அடுத்த பூண்டை எடுத்தேன்.

"அங்கன வச்சு எனக்குக் கோவந்தான் வந்துச்சு. பொய் வேற சொல்றீகளேன்னு. அப்பறம் யோசிச்சேன். கல்யாணமாகி இத்தன வருசத்துல என்னைய இப்பிடி ஒக்காந்து நீங்க பாத்ததே இல்லையே."

வாணலியைப் பார்த்தபடி சிரித்தாள். வெட்கம். இந்த வயதில். நான் என்ன சொல்வது? நீ எப்போது சறுக்குவாய் என்று பார்த்தேன் என்றா?

ஒரு பூண்டுப் பல்லையே உரித்துக்கொண்டிருந்தேன்.

"அடுத்த மாசம் திண்டுக்கல்ல பெரிய டோர்னமெண்டாம். என்னையக் கூப்பிட்டிருக்காக. டேபிளுக்கு ஒங்களையும் போடச் சொல்லிக் கேட்டிருக்கேன். வருவீகள்ல?"

திண்டுக்கல். இந்த முறை நேரே அவளுக்கே போன் வந்திருக்கிறது. வயிறு எரிந்தது, பொய் சொல்லவில்லை.

"வர்றேன்" என்றேன்.

"வாங்க. ஆனா ரிங்கையும் கொஞ்சம் பாருங்க" என்றாள்.