கடைசி பில்

மட்டாஞ்சேரி
12-10-1959

தங்கை பாக்கியலக்ஷ்மிக்கு, அண்ணன் சங்கரலிங்கத்தின் ஆசிகள். நானும் உன் மதினியும் சுகம். இங்கே மழை விட்டபாடில்லை.

இந்தக் கடிதம் வருவதற்குள் மாப்பிள்ளைக்குக் கோர்ட் நோட்டீஸ் வந்திருக்கும். வழக்குப் போட்டவன் நான்தான். வேறு யாரும் சொல்லி நீ அறியக் கூடாது என்று எழுதுகிறேன்.

அரசாங்கப் பள்ளிக்கூடக் கட்டடத்தை மராமத்து இலாகாவிடம் காண்டிராக்ட் எடுத்தவர் மாப்பிள்ளை. சுவர்க் கட்டுமானத்தையும் பூச்சையும் எனக்கு விட்டார். சித்திரையில் முடித்துக் கொடுத்தேன். எனக்கு வர வேண்டியது நாலாயிரத்து இருநூறு ரூபாய். பில் பாஸாகவில்லை என்றே நாலு மாதம் எழுதிக்கொண்டிருந்தார். நம்பினேன்.

ஆவணியில் எறணாகுளம் ஆபீசுக்குப் போய் விசாரித்தேன். இரண்டு பில்லுக்கு அவர் பணம் வாங்கியாகிவிட்டதாம். கடைசி பில் மட்டும்தான் பாக்கி. என் பங்கை எனக்கே தரக்கூடாதா என்று கேட்டேன். எஞ்சினீயர் சாயா வரவழைத்துக் கொடுத்தார். "சேட்டா, கட்டினது நீங்கதான்னு எனக்கு அறியும். ஆனா எங்க காண்டிராக்ட் கடலாசில் உங்க பேரு இல்லையே" என்றார்.

திரும்பி வந்தபோது வீட்டு வாசலில் பேச்சி உட்கார்ந்திருந்தாள். சாந்து சுமந்தவள். ஆறு வாரக் கூலி நிற்கிறது. "அண்ணாச்சி, நான் என்ன சர்க்காருக்கா சுமந்தேன்? ஒங்களுக்குத்தானே" என்றாள். உன் மதினியின் சங்கிலியையும் வளையல்களையும் விற்று அவளுக்கும் மற்றப் பதினோரு பேருக்கும் கொடுத்தேன்.

பிறகு மாப்பிள்ளைக்கு மூன்று கடிதம் போட்டேன். பதில் இல்லை. வக்கீல் வெங்கிட்டு ஐயர், "பணம் அவர் கைக்குப் போயிட்டா வராது. சர்க்கார் கையில இருக்கறச்சேயே தடுத்துடணும்" என்றார். அப்படியே செய்தேன். வழக்கு முடியும்வரை கடைசி பில்லில் அந்த நாலாயிரத்து இருநூறை யாருக்கும் கொடுக்கக் கூடாதென்று இலாகாவுக்குக் கோர்ட் உத்தரவு போயிருக்கிறது.

அந்தப் பணத்தை நம்பித்தான் நீயும் மாப்பிள்ளையும் குழந்தை ஜெயலக்ஷ்மியின் கல்யாணத்தைத் தையில் வைத்திருக்கிறீர்கள். அது தெரிந்தேதான் கையெழுத்துப் போட்டேன்.

தாய்மாமன் புடவையை மதினி எறணாகுளம் பிராட்வேயில் எடுத்துவிட்டாள். அரக்கு நிறம். நான் நேரில் கொண்டு வரலாமா, பார்சலில் அனுப்புவதா என்று ஒரு கார்டு போடு. எதை எழுதினாலும் உன்மேல் எனக்கு வருத்தம் இல்லை. குழந்தை தீர்க்க சுமங்கலியாக இருக்கட்டும்.

உன் அண்ணன்,
சங்கரலிங்கம்