அப்பாவின் குரலுக்கு ஒரு புது டிஸ்க்

என் செல்ல மகளுக்கு,

அம்மா எழுதுவது. நான் சுகம். அப்பாவும் சுகம் என்று எழுதச் சொன்னார். சிலேட்டில் கிறுக்கிக் காட்டவில்லை, வாய்விட்டே சொன்னார். அதாவது லேப்டாப்பின் வாய்விட்டு.

போனில் உன்னிடம் 'சரியாயிடுச்சு' என்று மட்டும்தான் சொன்னேன். மிச்சத்தைச் சொல்லப் போனால் நீண்டுகொண்டே போகும். அவர் வேறு பக்கத்திலேயே காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பார். அதனால்தான் கடிதம்.

முதலில் லேப்டாப்புக்குள்ளே டக் டக்கென்று ஒரு சத்தம், யாரோ உள்ளேயிருந்து கதவைத் தட்டுகிற மாதிரி. அப்புறம் அப்பா டைப் செய்தால் பாதி வாக்கியத்தில் குரல் நின்றுவிடும். 'தண்ணி' வரும், 'கொடு' வராது. ஒருநாள் காலையில் திறந்தால் திரை கறுப்பு. புற்றுநோய் ஆபரேஷனில் குரல்வளையை எடுத்தபோதுகூட அவர் இப்படி இடிந்துபோகவில்லை. அப்போது நீ இருந்தாய். அதற்கு முன்பே வாரக்கணக்கில் அவரை உட்காரவைத்து, வாக்கியம் வாக்கியமாக வாசிக்கவைத்து, எதை டைப் செய்தாலும் அவர் குரலிலேயே பேசும்படி செய்து கொடுத்துவிட்டுத்தானே ஊருக்குப் போனாய்.

உன்னிடம் இன்னொரு பிரதி இருக்கும் என்று நம்பித்தான் கூப்பிட்டேன். 'எடுத்து வைக்கலையேம்மா' என்றாய். அதற்காக உன்னை நொந்துகொள்ளாதே. அவ்வளவும் செய்த பிள்ளைக்கு இது ஒன்று விட்டுப்போனால் குற்றமா?

வீடு எப்படி இருந்தது என்று கேட்காதே. அவர் சிலேட்டையும் தொடவில்லை. சுவரைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். குக்கர் விசில் அடித்தால்கூட எனக்குத் தூக்கிவாரிப் போட்டது.

மருந்துக் கடைக்கு லீவு சொல்லிவிட்டு, லேப்டாப்பைத் துண்டில் சுற்றிக்கொண்டு மார்க்கெட் பின்னால் இருக்கிற கம்ப்யூட்டர் கடைக்குப் போனேன். கடையை நடத்துகிறவள் உன் வயதுப் பெண். கழற்றிப் பார்த்துவிட்டு, "டிஸ்க் சாகக் கிடக்கு, ஆனா இன்னும் சாகலம்மா. வேற ஒண்ணு மாத்தணும்" என்றாள். இழுப்பறையிலிருந்து ஒன்றை எடுத்து மேசையில் வைத்தாள். மாத்திரை அட்டையில் தேதி பார்த்தே பழகிய கண் சும்மா இருக்குமா? உறை இல்லை, சீல் இல்லை, ஓரத்தில் கீறல். கேட்டேன். பழைய டிஸ்க்கைச் சுத்தம் செய்து விற்பதாம். "எல்லாரும் இதைத்தாம்மா வாங்குறாங்க, ஓடும்" என்றாள். எத்தனை நாள் ஓடும் என்று கேட்டேன். அவள் நம் டிஸ்க்கைத் தன் கம்ப்யூட்டரில் மாட்டி, ஏதாவது படிக்க முடிகிறதா என்று ஒரு ஃபைலைத் தட்டினாள்.

கடை முழுக்க அப்பா குரல். 'இன்று மழை வரும் போலிருக்கிறது' என்று ஒரு வாக்கியம், அவ்வளவுதான். சார்ஜர் வாங்க வந்தவர், பிரிண்ட் எடுக்க நின்றவர்கள் எல்லோரும் தலையைத் தூக்கினார்கள். அந்தப் பெண் என்னையே பார்த்தாள். "இது பஸ் ஸ்டாண்டு மைக்ல வர்ற குரல் இல்லையா?" என்றாள். ஆமாம், அவர்தான், இப்போது குரல் இல்லை, இருப்பதெல்லாம் இதற்குள்தான் என்றேன். "காலேஜ் போன காலத்துல எனக்குப் போர்டைப் படிக்கவே நேரம் இருக்காதும்மா. இந்தக் குரல் சொல்ற பஸ்ல ஓடிப்போய் ஏறிடுவேன். ஒருநாளும் பஸ் மாறினதில்ல" என்றாள். சொல்லிக்கொண்டே மேசையில் வைத்திருந்ததை எடுத்து இழுப்பறைக்குள் போட்டு மூடினாள். "இது வேணாம்மா."

பிறகுதான் உண்மையான பேச்சு. ஒன்று தட்டு சுற்றுகிற வகை. இடம் நிறைய, விலை குறைவு. இன்னொன்று எஸ்.எஸ்.டி., உள்ளே எதுவும் சுற்றாது, கை தவறி விழுந்தாலும் சுலபத்தில் போகாது. செத்துப்போன ஒரு டிஸ்க்கைப் பிரித்து அலமாரியில் வைத்திருந்தாள், எடுத்துக் காட்டினாள். கண்ணாடி தோற்றது போ. என் முகம், மூக்குத்தி, பின்னால் நின்றவர் சட்டைப் பொத்தான் வரை அதில் தெரிந்தது. அது சுற்றும்போது ஒரு முனை அதைத் தொடாமல், ஒரு தூசிகூட நுழைய முடியாத இடைவெளியில் மிதந்துகொண்டே படிக்குமாம். அப்பாவுடைய ஒவ்வொரு சொல்லும் இத்தனை நாளும் அப்படியொரு இடைவெளியைத் தாண்டித்தான் என்னிடம் வந்ததா என்று நினைத்தேன்.

எஸ்.எஸ்.டி.யே எடுத்தேன். சீல் பிரிக்காதது, கம்பெனி வாரண்டி உள்ளது. அதன் நம்பரைக் கம்பெனியின் இணையப் பக்கத்தில் போட்டு, அசல்தான் என்று என் கண்ணெதிரே சரிபார்த்தாள். கையில் வாங்கினால் பிஸ்கட் மாதிரி கனமே இல்லை. இது சாகவே சாகாதுதானே என்று கேட்டேன். "சாகாத டிஸ்க்கை இன்னும் யாரும் செய்யலம்மா. நல்லதா ஒண்ணு வாங்கணும், அதை மட்டும் நம்பாம இன்னொண்ணும் வச்சுக்கணும்" என்றாள். இரண்டாவதும் வாங்கிவிட்டேன்.

பழைய டிஸ்க் உள்ளிருந்ததை நின்று நின்று கொடுத்தது. போட்டோக்கள் கொஞ்சம் போய்விட்டன. குரல் முழுசாக வந்துவிட்டது, இரண்டு புது டிஸ்க்கிலும் ஏற்றிக் கொடுத்தாள்.

வீட்டில் புது டிஸ்க்கோடு திறந்து வைத்ததும் அப்பா விரலைத் தேய்த்துக்கொண்டு டைப் செய்த முதல் வாக்கியம்: "இத்தனை நாளா டீயில சர்க்கரையே இல்ல." நான் அடுப்படிக்குப் போய் இரண்டு ஸ்பூன் சர்க்கரை போட்டு டீ கொண்டுவந்தேன்.

இன்னொன்று சொல்ல வேண்டும். நீ வெட்டாமல் வைத்திருந்த நீளமான பதிவு ஒன்று தனியாகக் கிடந்தது. அதைப் போட்டுப் பார்த்தோம். அவர் வாசிக்கிறார், தடுமாறுகிறார், 'எவன் எழுதினான் இந்த வாக்கியத்தை' என்று திட்டுகிறார், நீ சிரிக்கிறாய். பிறகு அவரும் சிரிக்கிறார், மூச்சு வாங்க, இருமலோடு. இந்தப் பெட்டி எதை டைப் செய்தாலும் பேசும், சிரிக்க மட்டும் தெரியாது. ஆபரேஷனுக்குப் பிறகு அந்தச் சத்தத்தை நான் கேட்கவே இல்லை. இவ்வளவு பெரிய சிரிப்பு அந்தப் பிஸ்கட்டுக்குள் எந்த மூலையில் இருந்தது என்று லேப்டாப்பையே பார்த்துக்கொண்டிருந்தேன். அப்பா மெல்ல டைப் செய்தார்: "யாருடி இது, கழுதை கனைக்கிற மாதிரி?" சொல்லிவிட்டு அதையே மறுபடி போடச் சொன்னார்.

போன வாரம் டாக்டரிடம் போய் வந்தோம். ஸ்கேன் பார்த்துவிட்டு, சீக்கிரமே மறுபடி வரச் சொல்லியிருக்கிறார். வீட்டுக்கு வந்ததும் அப்பா கதவைச் சாத்திக்கொண்டு இரண்டாவது டிஸ்க்கில் உனக்கென்று ஏதோ டைப் செய்து, தன் குரலில் பேசவைத்துப் பதிந்தார். நான் அதைப் போட்டுக் கேட்கவில்லை. அதைப் பஞ்சில் பொதிந்து இந்தப் பார்சலிலேயே வைத்திருக்கிறேன்.

பத்திரமாக வைத்துக்கொள். போட்டுக் கேட்கும்போது தனியாக இருக்காதே. லீவு கிடைக்குமா என்று கேட்டுப் பார், கண்ணு. கிடைத்தால் அதை அங்கே திறக்காமல் கையோடு எடுத்துக்கொண்டு வந்துவிடு. அவர் பக்கத்தில் உட்கார்ந்தே கேட்கலாம்.

நீ நன்றாயிருக்க வேண்டும் என்று எந்நேரமும் நினைத்துக்கொண்டிருக்கும்,
உன் அம்மா