மந்தைவெளி வீட்டில் பதிவான பாட்டு

நேற்று பஞ்சு மெத்தையை மாடியில் வெயிலுக்குப் போட்டேன். சூடேறிய பஞ்சின் வாசனை மூக்கில் ஏறியதும் அப்படியே சுவரோரம் உட்கார்ந்துவிட்டேன். என் தோழி நீ கண்ணை மூடி இன்னும் நாற்பது நாள்கூட ஆகவில்லையடி.

எழுபதுகளின் தொடக்கம். எங்கள் மந்தைவெளி வீட்டில் அன்றும் இதே வாசனை. வடக்கே ஒரு கல்லூரியில் நான் சங்கீதம் படிக்க, என் பாட்டைப் பதிவு செய்து அனுப்பச் சொல்லியிருந்தார்கள். நீ உங்கள் சர்ச் ஃபாதரிடம் கெஞ்சி டேப் ரெக்கார்டரை வாங்கி வந்தாய். தெருச் சத்தம் விழாமலிருக்க ஜன்னலில் மெத்தையைச் சாத்தி, கதவைத் தாழிட்டோம். "அடுத்த காக்கா கத்துறதுக்குள்ள பாடிடுடி," என்றாய்.

நான் பாடி முடிக்கவும் கதவில் உதை விழவும் சரியாக இருந்தது. தி.நகர் துணிக்கடையிலிருந்து அண்ணன் சீக்கிரமே வந்துவிட்டான். பாட்டுப் படிக்கப் போகிறேன் என்றதற்கே ஏற்கெனவே இரண்டு முறை என்னை அறைந்தவன்.

"தொறடி! உன் தங்கச்சி மேடையேறப் போறாளாமேன்னு கடைக்கு வர்றவன்லாம் கேக்குறான்!"

மூன்றாவது உதையில் தாழ்ப்பாள் தெறித்தது. என் தலைமுடியைப் பிடித்துச் சுவரில் மோதினான். பிறகு கடையிலிருந்து கையோடு கொண்டுவந்த, துணி அளக்கிற இரும்புக் கோலை ரெக்கார்டர் மேல் ஓங்கினான். நீ குறுக்கே கையை நீட்டினாய். எலும்பு ஒடிந்தது எனக்குக் கேட்டது. பாவி, அதோடும் விடவில்லை. அதே கையில் இன்னும் இரண்டு அடி. நான் மூக்கில் ரத்தம் வழியச் சுவரோடு ஒட்டி நின்றேன். தடுக்க ஓடி வரவில்லை. "டேப்பை எடுத்து ஒளிச்சு வைடி, லூசு!" என்று நீதான் கத்தினாய். அதை மட்டும் செய்தேன்.

ஆஸ்பத்திரியில் உன் அப்பா என்னிடம் கேட்டார்: "என்னம்மா ஆச்சு? நீயாவது சொல்லு."

சொன்னால் போலீஸ் வரும், அண்ணன் உள்ளே போவான், வீட்டில் என்னைக் கல்லூரிக்கு அனுப்பவே மாட்டார்கள். "மாடிப்படியில விழுந்துட்டா அங்கிள்," என்றேன். நீ என்னையே பார்த்தாய். பிறகு ஆமாம் என்று தலையாட்டினாய்.

எனக்கு இடம் கிடைத்தது. உனக்கு இரண்டு விரல்கள் மடங்கவேயில்லை. சர்ச்சில் நீ வாசித்துவந்த ஆர்கனை வாசிக்க வேறொருத்தி வந்தாள். ஆனாலும் என்னை ரயிலேற்ற வந்தாய். வண்டி நகரும்போது ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு சொன்னாய்:

"நல்லாத்தான் பாடுற. ஆனா அன்னிக்கு அப்பாகிட்ட பொய் சொன்ன பாரு, அப்ப உன் குரல் கொஞ்சம்கூட நடுங்கலடி."

அண்ணனை என்றைக்கோ மன்னித்துவிட்டேன், என்னை முடியவில்லை. மேடையில் என் குரலை யாராவது புகழ்ந்தால், உன் அப்பாவிடம் சொன்ன அந்த வார்த்தைகள்தான் இன்றும் எனக்குக் கேட்கின்றன.