தோளில் கிடந்த துண்டு

இன்று காலை பாகலூர் ரோட்டில் ஒரு சரக்கு டெம்போ நின்றுவிட்டது. நான்கு பேர் தள்ளியதும் கரும்புகையைக் கக்கிக்கொண்டு கிளம்பிப் போனது. அந்த டீசல் வாடையில், நீ இறந்த பிறகு முதன்முறையாக, கடையில் ஆள் காத்திருக்கும்போதே நான் வெளியே நின்றுவிட்டேன்.

அது இரண்டாயிரத்துச் சொச்சம் வருஷம். நீ தொழிற்பேட்டையில் ஒப்பந்தத் தொழிலாளி. நான் பழைய லாரி டயர் வாங்கி விற்பவன். மாவட்டக் குத்துச்சண்டையில் ஜெயித்தால் நிரந்தரமாக்குவதாக உன் கம்பெனியில் சொல்லியிருந்தார்கள். தோற்றால் மாதக் கடைசியோடு வீட்டுக்கு. உன் குறை நமக்குத் தெரிந்ததுதான்: கடைசிச் சுற்றில் மூச்சு முட்டிவிடும்.

ஷிப்டு முடிந்து உனக்குக் கிடைப்பது கொஞ்ச நேரம். அதற்குள் எந்தப் பயிற்சி செய்வது? ஓடு என்றார்கள். கெலமங்கலம் ரோட்டில் ஓடித் திரும்பினாய், மூச்சு வாங்கவில்லை. பயிற்சிச் சண்டையில் பழையபடி நாய் மாதிரி இளைத்தாய். என் யோசனை அதைவிட மோசம். கடை நிறையக் கிடக்கிறதே என்று லாரி டயரைப் புரட்டச் சொன்னேன். முதுகு அகன்றது, கை மந்தமானது.

"விக்காத சரக்கையெல்லாம் என் தலையில கட்டறியாடா?" என்றாய்.

சுருக்கென்றது. விற்பவன் புத்தியை ஓரம் வைத்துவிட்டு, நீ எந்த இடத்தில் உடைகிறாய் என்று கவனித்தேன். மேலே சாய்கிறவனைத் தள்ளிவிட்டு அடுத்த நொடியே குத்த வேண்டிவரும்போதுதான் உடைந்தாய். அப்படியானால் பயிற்சிக்கும் அதே வடிவம் வேண்டும். கடைக்குப் பின்னால் என் காலி டெம்போவை ஒரு சுற்று நேரம் தள்ளினாய், விட்டதும் மணல் மூட்டையைக் குத்தினாய், ஒரு நிமிடம் நின்றாய், மறுபடி தள்ளினாய். வாந்தி எடுத்தாய். என் வம்சத்தையே வைதாய். ஆனால் மறுநாளும் வந்தாய்.

கிருஷ்ணகிரியில் இறுதிச் சண்டை. எதிராளியின் ஆட்கள், அடி அடி என்று கன்னடத்தில் கத்தினார்கள்: "ஹொடி, ஹொடி." கடைசிச் சுற்றுக்கு முன் மூலையில் வந்து உட்கார்ந்தாய், மூக்கில் ரத்தம். என் தோளில் துண்டு. அதை உள்ளே எறிந்தால் தோல்வியை ஒத்துக்கொண்டதாக அர்த்தம்; சண்டை முடிந்தது, வேலையும் போனது.

"எப்ப எறிவே?" என்று கேட்டாய்.

"குனிஞ்சு முட்டியப் புடிச்சீன்னா."

"அதுக்கு முன்னாடி?"

"செத்தாலும் எறிய மாட்டேன்."

"செத்தா எறிடா, வெண்ண."

அவன் உன்னைக் கயிற்றில் சாய்த்து இரண்டு விட்டான். உன் கை மெல்லக் கீழே இறங்கியது. தொடையைத் தொட்டது. நான் துண்டை உருவிக் கையில் சுருட்டினேன். முட்டிக்கு ஒரு சாண் மேலே கை நின்றது. தோளைக் கொடுத்து அவனைத் தள்ளினாய், தள்ளிய மூச்சிலேயே குத்தினாய். பிறகு இளைத்தவன் அவன்.

நடுவர் உன் கையைத் தூக்கிவிட்டு இறக்கியபின், ஊர் திரும்பும் பஸ்ஸில் ஒன்றுதான் கேட்டாய்.

"நெஜமா எறிஞ்சிருப்பியா?"

"எறிஞ்சிருப்பேன்."

"அந்த நம்பிக்கையிலதான்டா உள்ள போனேன்."

அதன்பிறகு கூட்டு வியாபாரம் என்று யார் வந்தாலும் லாபத்தைப் பற்றி நான் முதலில் பேசுவதில்லை. உன்னிடம் ஒத்துக்கொண்டதையே அவர்களிடமும் சொல்கிறேன்: எங்கே நிறுத்துவது என்று இப்போதே பேசிவிடுவோம், அந்த இடம் வந்தால் கேட்காமல் நிறுத்துவேன், அதற்கு ஒரு சாண் முன்னால் நிறுத்த மாட்டேன்.