வேலியோரம் பேச வேண்டாம்

அன்பு மகளுக்கு அம்மா எழுதுவது. நாங்கள் இங்கே எழுந்து நடமாடிக்கொண்டு இருக்கிறோம், நீயும் அங்கே மழைக்கும் அட்டைக்கும் தப்பி, வேளைக்குச் சாப்பிட்டு இருப்பாய் என்று நம்புகிறேன். மூன்று வாரமாக உன் போன் வராமல் நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். நேற்று உன் கடிதம் கைக்கு வந்த பிறகுதான் காரணம் புரிந்தது. குட்டச்சி பரீட்சையில் தோற்றுவிட்டாள் என்று எழுதியிருந்தாய். தாயைச் சுட்டுக் கொன்றவர்களிடமிருந்து மீட்டுக் கொண்டுவந்த ஒராங்குட்டான் குட்டி, இத்தனை வருஷம் நீங்கள் எல்லோரும் முகமூடி போட்டுக்கொண்டு, ஒரு வார்த்தை பேசாமல், திரும்பக் காட்டில் விடுவதற்கென்றே வளர்த்த உயிர். மனிதக் குரல் கேட்டால் அது மரத்தின் உச்சிக்கு ஏறிவிட வேண்டும், அதுதான் பரீட்சை. மற்றவர்கள் குரலுக்கெல்லாம் ஏறியது, உன் குரலுக்கு மட்டும் இறங்கி வந்து வேலிக்கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றது என்கிறாய்.

தப்பு எங்கே நடந்தது என்றும் நீயே எழுதியிருந்தாய். டவர் கிடைக்கிற ஒரே இடம் குட்டிகளைப் பழக்குகிற அந்தப் பயிற்சிக் காட்டின் வேலிதான். இரண்டு வருஷமாகத் தினம் சாயங்காலம் அங்கே நின்று, ஸ்பீக்கரில் போட்டு, என்னோடு பேசினாய். குரங்கிடம் பேசக் கூடாது என்று சட்டம் போட்டவர்களுக்கு அம்மாவோடு பேசுவதும் அதன் காதில் விழும் என்று தோன்றவில்லை, உனக்கும் தோன்றவில்லை. சாப்பிட்டியாடி, தலை துவட்டினியா என்று நான் கேட்டதையெல்லாம் அது மேலே இலையை மடித்துப் படுக்கை போட்டுக்கொண்டு கேட்டிருக்கிறது. இந்தத் தப்பில் பாதி என்னுடையது.

இரண்டு மாதத்தில் இன்னொரு பரீட்சை, அதிலும் இறங்கி வந்தால் ஆயுசுக்கும் கூண்டுதான் என்று டாக்டரம்மா சொன்னதாகவும், உன்னை அந்தப் பக்கமே வரவிடாமல் கூண்டு கழுவப் போட்டுவிட்டதாகவும், அவமானமாக இருக்கிறது, பேசாமல் ஊருக்கே வந்துவிடுகிறேன் என்றும் எழுதியிருந்தாய். உண்மையைச் சொல்கிறேன், முதலில் எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. உன் கட்டிலில் மடித்து வைத்திருந்த துணிகளைக்கூட எடுத்து அலமாரியில் வைத்தேன். அந்த நேரம் பார்த்து உன் சித்தப்பா வந்தார். விஷயத்தைக் கேட்டு, "மனுஷப் பிள்ளைக்கே பால் இல்ல, குரங்குக்குப் பள்ளிக்கூடமாம், அதுலயும் ஃபெயிலாம்" என்று சிரித்தார். எனக்குச் சுருக்கென்றது. "பிள்ளைக்குப் பால் இல்லாம பண்ணினவனும் அந்தக் காட்டை வெட்டினவனும் ஒரே ஆளுதான் தம்பி, முடிஞ்சா அவன்கிட்டப் போய்ச் சிரிங்க" என்றேன். காபியைக்கூடக் குடிக்காமல் போய்விட்டார், போகட்டும். அப்பா இருபத்தாறு வருஷம் பிளைவுட் கம்பெனியில் மரம் அறுத்தார். அடிமரத்தில் பெயின்டில் ஒரு நம்பர் மட்டும் இருக்கும், எந்தக் காடு என்று அறுக்கிறவனுக்குச் சொல்ல மாட்டார்கள். மரம் முதலாளிக்கு, தூள் அப்பாவின் நெஞ்சுக்கு, குட்டி உன் மடிக்கு என்று பங்கு பிரித்துவிட்டார்கள்.

நீ வர வேண்டாம். கோபத்தில் சொல்லவில்லை, யோசித்துத்தான் சொல்கிறேன். கார்மென்ட்ஸில் நான் பார்க்கிற குழந்தைகள் அறை உனக்குத் தெரியும். பால் கொடுத்துவிட்டு மெஷினுக்குத் திரும்புகிற தாய் கதவோரம் நின்று எட்டிப் பார்த்தால் அந்தக் குழந்தை ஷிஃப்ட் முடிகிறவரை அழும். பார்க்காமல் போ என்று நான்தான் அவர்களை விரட்டுகிறேன், யாரோ போடப்போகிற சட்டைக்காக. விரட்டிவிட்டு எனக்கே என்மேல் வெறுப்பாக இருக்கும். நீ முகத்தைத் திருப்பிக்கொள்வது அப்படி இல்லை. மனிதர்களை நம்பி இறங்கி வருகிற குரங்கை, காட்டை வெட்டிப் போட்ட தோட்டத்தின் காவலாளி சுடுவான், இல்லாவிட்டால் பிடித்து விற்பான். அது உன்னை மறந்தால்தான் பிழைக்கும். கூண்டு கழுவச் சொன்னால் கழுவு, அதில் என்ன அவமானம். நான் முப்பது குழந்தைகளின் துணியை அலசுகிறேன்.

இன்னொன்று. அப்பாவின் நெஞ்சில் கட்டி இருக்கிறது, வருகிற வியாழக்கிழமை ஆபரேஷன். இது உனக்குக் கிடைக்கும்போது முடிந்திருக்கும். சொல்லவே வேண்டாம் என்றார் அப்பா, மறைத்தால் அவள் நம்மை மன்னிக்க மாட்டாள் என்றேன். அதற்கு அவர், "சரி எழுது. ஆனா போன் பண்ணக் கூடாதுன்னும் எழுது. நான் அறுத்தது போதும், என்னால அந்தக் குட்டியும் கூண்டுக்குள்ள போக வேண்டாம்" என்றார். அதனால் கேள், வேலியோரம் ஓடாதே. அங்கே நின்று நீ அழுதாலும் அதற்குக் கேட்கும். உன் தம்பி உங்கள் டவுன் ஆபீசுக்குச் சேதி அனுப்புவான், பழம் கொண்டுவருகிற லாரிக்காரர் வந்து சொல்வார். நல்லதோ கெட்டதோ, லாரி வரும்வரை பொறுத்திரு.

நீ நல்லா இருக்கணும், உன் கை பட்டது பிழைக்கணும். ஈர பூட்ஸோடு படுத்துவிடாதே, இருமல் இருந்தால் மற்றக் குட்டிகள் பக்கமும் போகாதே. பதில் கடிதமாகவே போடு.

உன் குரல் கேட்காமல் இருக்கப் பழகிக்கொள்ளும்,
அம்மா